தோற்றது எந்தத் தெருவில்?

உள்ளாட்சித் தேர்தலில் தோற்றவரிடம் ஏன் தோற்றீர்கள் என்று கேட்டால், முடிவு வந்த இரவே பதில் தயாராக இருக்கும். எதிராளி பணத்தை இறைத்தான், சாதி ஓட்டு பிரிந்தது, கூட இருந்தவனே குழி பறித்தான். இவற்றில் ஒன்றோ மூன்றுமோ உண்மையாகவே இருக்கலாம். அவை பொய் என்று இந்த அத்தியாயம் வாதிடப் போவதில்லை. உண்மையாகவே இருந்தாலும், அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு அவற்றில் பதில் கிடையாது என்பதுதான் இங்கே சொல்ல வருவது. பணம் ஊர் முழுக்கத்தான் இறைக்கப்பட்டது என்கிறீர்கள். அப்படியானால் மேலத்தெருவில் உங்களுக்கு விழுந்த ஓட்டு கீழத்தெருவில் ஏன் விழவில்லை? எல்லாத் தெருவுக்கும் பொதுவான ஒரு காரணத்தை வைத்து, தெருவுக்குத் தெரு மாறும் விளைவை விளக்க முடியாது. தோல்வியைப் படிப்பது என்றால் அந்த மாற்றத்தைப் படிப்பதுதான். மொத்தத்தில் எத்தனை ஓட்டில் தோற்றீர்கள் என்பது ஊர் பேசிக்கொள்ளும் சங்கதி. உங்களுக்குத் தெரிய வேண்டியது எங்கே தோற்றீர்கள் என்பது.

அதற்கு உட்காரும் முன் காலக்கெடு உள்ள வேலைகளை முடித்துவிடுங்கள். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஜெயித்தவர்தானே கணக்குக் கொடுக்க வேண்டும் என்று தோற்றவர்கள் சும்மா இருந்துவிடுவது சகஜம். மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அந்த வேறுபாடு கிடையாது. கணக்குக் கொடுக்காதவரை மூன்றாண்டுகள் போட்டியிட முடியாதபடி தகுதிநீக்கம் செய்ய அதற்கு அதிகாரம் உண்டு. தோற்ற சோர்வில் ஒரு படிவத்தை நிரப்பாமல் விட்டு, அடுத்த வாய்ப்பையும் சேர்த்துத் தொலைப்பதைப் போல வீண் வேறில்லை. 2019 ஊரகத் தேர்தலில் செலவு உச்சவரம்பு கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 34,000, ஒன்றிய வார்டுக்கு 85,000, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1,70,000. இந்த வரம்புக்குள் எத்தனை பேர் நின்றார்கள் என்பது ஊருக்கே தெரியும், அது வேறு கதை. மைக் செட் வாடகை, நோட்டீஸ் அச்சுக்கூலி, வண்டி வாடகை ஆகியவற்றின் ரசீதுகளைச் சேர்த்துக் கணக்கைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையோடு வாங்குங்கள். செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். தொகை சிறியது என்று விட வேண்டாம்.

வழக்குப் போடுவதென்றால் கெடு 45 நாள், போக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். ஐந்து ஓட்டில் தோற்றவருக்கெல்லாம் சுற்றி இருப்பவர்கள் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிக் கொம்பு சீவுவார்கள். ஓட்டு எண்ணிய அன்றே, முடிவு அறிவிக்கும் முன்பாக, மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுத்தீர்களா? அதன் நகல் கையில் இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் வக்கீலைப் பார்க்கும் முன் நன்றாக யோசிக்கலாம். பதவிக்காலமே ஐந்து வருடம்தான், வழக்கு அதற்குள் முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். உங்கள் பூத் ஏஜென்ட்கள் கையில் வாக்காளர் பட்டியலின் பிரதி ஒன்று இருந்திருக்கும். ஓட்டுப் போட வந்தவரின் பெயருக்கு எதிரே டிக் அடித்து, வரிசை எண்ணைச் சுழித்து, மதியச் சாப்பாட்டின் எண்ணெய்க் கறையோடு மடித்து வைத்த அந்தத் தாள்கள்தான் இந்தத் தேர்தல் உங்களுக்கு மிச்சம் வைத்த சொத்து. ஒரு வாரம் விட்டால் அவை பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடும். அவற்றை வாங்கி, வீட்டு எண் வரிசையில் தெருவாரியாகப் பிரித்தால், எந்தத் தெருவில் எத்தனை பேர் வரவே இல்லை என்பது தெரியும். யார் யாருக்குப் போட்டார் என்பது தெரியாது, தெரியவும் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் வராதவர் எண்ணிக்கை மட்டுமே பல விஷயங்களைச் சொல்லும். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைந்த தெருவில் உங்களுக்கு ஓட்டுக் குறைந்தது என்றால், அங்கே உங்களை யாரும் நிராகரிக்கவில்லை, உங்களுக்குப் போட்டிருக்கக்கூடியவர்கள் ஊரில் இல்லை. இரண்டும் வேறு வேறு தோல்விகள். முதலாவதற்கு நடத்தையை மாற்ற வேண்டும், இரண்டாவதற்குப் பேருந்து டிக்கெட் போடும் வாரத்தில் போன் செய்ய வேண்டும்.

ஊரகத் தேர்தலில் இன்னொரு நல்ல சாட்சியும் உண்டு, ஆனால் அதைக் கேட்பவர் குறைவு. அங்கே வாக்காளர் ஒரே நேரத்தில் நான்கு சீட்டில் முத்திரை குத்துகிறார். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சி சார்பற்றவை, பின்னிரண்டும் கட்சிச் சின்னத்தில் நடப்பவை. எண்ணும்போது பெட்டியைக் கொட்டி முதலில் நிறவாரியாகத்தான் பிரிக்கிறார்கள். நீங்கள் ஒரு கட்சியின் ஆதரவோடு தலைவர் பதவிக்கு நின்றிருந்தால், அதே பகுதியில் அந்தக் கட்சிக்குப் பச்சைச் சீட்டில் எவ்வளவு, உங்களுக்கு இளஞ்சிவப்பில் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஏஜென்ட் குறித்து வைத்திருந்தால் இது ஒரு மணி நேர வேலை. கட்சிக்குப் போட்ட அதே கை உங்களைத் தாண்டிப் போயிருந்தால், காரணத்தைக் கட்சியிடம் தேடிப் பயனில்லை. நேர்மாறாக, கட்சி தோற்ற இடத்தில் நீங்கள் கூடுதலாக வாங்கியிருந்தால், கட்சிக்காரர்கள் சொல்லும் காரணங்களைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நகர்ப்புறத்தில் மின்னணு இயந்திரம் என்பதால் வாக்குச்சாவடிவாரியாக எண்ணிக்கை தெளிவாகவே கிடைக்கும். ஆண்கள், பெண்கள் என்று தனித்தனிச் சாவடிகள் இருக்கும் வார்டுகளில் இன்னும் வசதி. பெண்கள் சாவடியில் மட்டும் சரிந்திருக்கிறீர்கள் என்றால், உங்களோடு வீடு வீடாக வந்த கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

செல்லாத ஓட்டுகளையும் பாருங்கள். சீட்டு முறையில் முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்தாலோ, இரண்டு இடத்தில் விழுந்தாலோ அந்த ஓட்டு போய்விடும். 2019 டிசம்பரில் மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் 19, முதல் கட்ட வாக்குப்பதிவு 27. சுயேச்சைச் சின்னம் கையில் கிடைத்த பிறகு பிரச்சாரத்துக்கு மிஞ்சியது ஒரு வாரம்கூட இல்லை. பூட்டு சாவியோ ஆட்டோவோ, அந்தச் சின்னத்தை எழுத்துத் தெரியாத ஒரு பாட்டியின் மனதில் அந்த நாட்களுக்குள் பதிய வைத்து, நான்கு சீட்டில் எந்த நிறத்தில் அது இருக்கும் என்பதையும் சொல்லித் தந்திருக்க வேண்டும். தோற்ற வித்தியாசத்தைவிடச் செல்லாத ஓட்டு அதிகம் என்றால், அந்த ஓட்டெல்லாம் உங்களுடையது என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அடுத்த முறை மாதிரிச் சீட்டை வைத்து வீட்டுத் திண்ணையில் சொல்லித் தர ஆள் வேண்டும் என்ற குறிப்பு மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது.

எண்களை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எவ்வளவு தப்பாகப் படிப்பார்கள் என்பதற்கு 2021 அக்டோபரில் கோவை மாவட்டத்தில் நடந்த ஓர் ஊராட்சி வார்டு இடைத்தேர்தலே போதும். ஒரு வேட்பாளருக்கு ஒரே ஓட்டு விழுந்தது. வீட்டில் இருக்கும் ஐந்து பேர்கூட அவருக்குப் போடவில்லை என்று இந்தியா முழுக்கச் சிரித்தார்கள். அவர் குடும்பத்து ஓட்டெல்லாம் வேறு வார்டில் இருந்தது. அந்த ஒரு தகவலைத் தேடிப் பார்க்கச் சிரித்தவர்களுக்குப் பொறுமை இல்லை. உங்கள் தோல்வியைப் பற்றி ஊரில் உலவும் விளக்கங்களும் அநேகமாக இதே தரத்தில்தான் இருக்கும். 300 ஓட்டு உள்ள ஒரு வார்டில் 240 பதிவாகி, ஐந்து பேர் நின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். 80 வாங்கியவர் ஜெயித்துவிடலாம். 71 வாங்கியவரை மக்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று பேசுவார்கள். ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஜெயித்தவருக்கும் போடவில்லை என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதே 240-ல் டெபாசிட்டுக்கான கோடு 40. அதைத் தாண்டியவருக்கும் 12 வாங்கியவருக்கும் தோல்வி என்று ஒரே பெயர் இருந்தாலும், செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல.

இதற்கு வரும் முதல் மறுப்பு பணம். தெருக்கணக்கெல்லாம் சரி, முந்தின ராத்திரி கவரும் டோக்கனும் போன பிறகு இதற்கு என்ன மதிப்பு என்பார்கள். 2019-ல் சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்ட செய்திகள் வந்து, தேர்தல் ஆணையம் எச்சரிக்க வேண்டி வந்தது. ஆகவே இந்த மறுப்பு லேசானதல்ல. ஆனால் பணம் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி போவதில்லை. கொடுப்பவர் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார். தனக்கு உறுதியான தெருவில் அவர் காசைக் கரைக்க மாட்டார், உங்களுக்கு உறுதியான தெருவிலும் மாட்டார். எங்கே ஆட்டம் காணும் என்று பயந்தாரோ அங்கேதான் கவர் கனமாகப் போயிருக்கும். அப்படிப் பார்த்தால் எதிராளியின் பணம் போன பாதையே உங்களுக்கு ஒரு வரைபடம், அவர் செலவில் எடுத்த கணிப்பு அது. பணம் போயும் உங்களுக்குக் கணிசமாக ஓட்டு விழுந்த தெரு ஒன்றாவது இருக்கும். அங்கே என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பணத்துக்கு எதிரான ஒரே பாடம். பெரும்பாலும் அது ரேஷன் கார்டு, முதியோர் ஓய்வூதிய மனு, தெருவிளக்கு மாதிரி ஒரு பழைய உதவியில் போய் முடியும்.

சாதி பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது, ஏனென்றால் நம் ஊர்களில் தெருவே சாதிப்படி அமைந்தது. தெருவுக்குத் தெரு மாறுவதைப் படி என்றால், சாதிக்குச் சாதி மாறுவதைப் படி என்றுதானே அர்த்தம், அதில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு இடங்களில் மட்டும் அந்தச் சுவரில் விரிசல் தெரியும். ஒரே சாதியினர் வாழும் இரண்டு தெருக்களில் உங்களுக்குக் கிடைத்த பங்கு வேறுபட்டால், அந்த வேறுபாட்டுக்குச் சாதி காரணமாக முடியாது. அடுத்தது, தனித்தொகுதி. அங்கே நின்ற எல்லோரும் பட்டியல் சமூகத்தவர்கள், ஆகவே பட்டியல் சமூகத்தவரா இல்லையா என்பது முடிவைத் தீர்மானிக்க வழியில்லை. யாரை ஊரின் பெரிய கைகள் தங்களுக்குத் தோதானவர் என்று நினைத்தன என்பது தீர்மானித்திருக்கும். அப்படியொரு இடத்தில் தோற்றவர் தன் தகுதியைச் சந்தேகிக்கத் தேவையில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் 1996 முதல் பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு முறையான தேர்தலே நடக்க முடியவில்லை. மனுப் போட ஆள் வராமல் தடுத்தார்கள், ஜெயித்தவர்களை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-ல்தான் அந்த முட்டுக்கட்டை விலகியது. அப்படிப்பட்ட ஊர்களில் ஒருவர் மனுப் போட்டு, கடைசி வரை நின்று, தோற்று, அங்கேயே குடியிருக்க முடிவதே முன்பு இல்லாத ஒன்று. அங்கே மட்டும் என் வாதத்தைத் தளர்த்திக்கொள்கிறேன். தெருக்கணக்கைவிட, நின்றவரின் பாதுகாப்பும் அடுத்தவர் நிற்கத் துணிவதும் முக்கியம்.

பெண் வேட்பாளர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. போஸ்டரில் கணவரின் படம் பெரிதாகவும் வேட்பாளரின் படம் ஓரமாகவும் இருந்து, வீட்டுக்கு வீடு கும்பிட்டவரும் கணவரே என்றால், வந்த ஓட்டு எண்ணிக்கை அந்தப் பெண்ணைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அது கணவரைப் பற்றிய தீர்ப்பு. ஆனால் முடிவு வந்ததும், இவளுக்கு ராசியில்லை என்ற பேச்சு அவள் தலையில்தான் விழும். அப்படி நின்று தோற்ற பெண் இந்த அத்தியாயத்தைப் படித்தால், தான் இன்னும் ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை என்று எடுத்துக்கொண்டு தொடங்குவதே சரி.

மூன்றாவது மறுப்பு, எண்ணிக்கை மிகச் சிறிது என்பது. பத்து ஓட்டு இப்படி அப்படிப் போவதற்கு ஒரு கல்யாண உறவோ ஒரு வரப்புத் தகராறோ போதும், இதில் என்ன ஆராய்ச்சி? உண்மைதான். அதனால்தான் சதவீதம் போட்டு அலசுவதைவிட நேரே போய்ப் பேசச் சொல்கிறேன். ஓட்டுக் குறைந்தது என்று தெரிந்த தெருவுக்கு, ஒரு மாதம் கழித்து, துண்டு இல்லாமல், கூட்டம் இல்லாமல் போய் உட்காருங்கள். கேட்க வேண்டியது இந்தத் தெருவுக்கு என்ன குறை என்பது. யார் எனக்குப் போடவில்லை என்று கேட்கவே கூடாது. தோற்றவர்கள் செய்யும் பெரிய தப்பு, அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஒவ்வொரு பெயராக எடுத்து, இவன் போட்டிருக்க மாட்டான், அவள் மாற்றிப் போட்டிருப்பாள் என்று துரோகிப் பட்டியல் போடுவது. ஓட்டு ரகசியம் என்பது உங்களுக்கு எதிராகப் போட்டவரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அதைத் துருவினால் வயல் வேலைக்குப் போகும் குடும்பங்கள்தான் முதலில் அடிபடும். பட்டியலும் அநேகமாகத் தப்பாக இருக்கும், உங்களுக்குப் போட்ட பத்துப் பேராவது அதில் சிக்கி, அடுத்த முறை போட மாட்டார்கள்.

தோற்ற பிறகும் கணக்கில் வராத வெற்றிகள் சில இருக்கும். தலைவர் பதவியில் தோற்றிருக்கலாம், ஆனால் உங்களோடு நின்ற இரண்டு மூன்று வார்டு உறுப்பினர்கள் வந்திருந்தால், துணைத் தலைவர் யார் என்பதில் அவர்களுக்குச் சொல் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அது சின்ன விஷயமல்ல. கிராம சபையோ வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோருக்கும் உரியது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அறிவித்திருக்கிறார்கள். படிவம் 30-ல் வரவு செலவை வைத்தார்களா என்று பார்க்கவும், தீர்மானம் கொண்டுவரவும் நீங்கள் பதவியில் இருக்கத் தேவையில்லை. ஜெயித்தவருக்குக் குடைச்சல் கொடுக்கவே வருகிறான் என்ற பேச்சு வரும், வரத்தான் செய்யும். நீங்கள் எழுப்பும் கேள்வி உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் கீழத்தெருவின் குடிநீர்க் குழாய் பற்றியதாக இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. தலைவரின் புது வண்டி பற்றியதாக இருந்தால் எடுபட்டுவிடும்.

அடுத்த தேர்தல் எப்போது என்பதை நம்பி எதையும் திட்டமிட முடியாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை, மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் கையில் ஊராட்சிகள் இருந்தன. 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். இதற்கிடையே வார்டு எல்லை மாறலாம், சுழற்சியில் இட ஒதுக்கீடு மாறி உங்கள் வார்டு பெண்களுக்கோ பட்டியல் சமூகத்துக்கோ போகலாம். அப்படியானால் இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு என்று கேட்பது சரிதான். இட ஒதுக்கீடு உங்களுக்கு எதிராக வந்தால், தெருவாரியான அந்த நோட்டை, நிற்கப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் உங்கள் மனைவியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இடம் உங்களுக்கே திறந்திருந்தால், மறுபடி நிற்பதா என்பதையும் அந்த நோட்டையே கேட்கலாம். ஓட்டுக் குறைந்த தெருக்களின் பட்டியலையும், பிரச்சாரத்தில் நீங்கள் போகாத அல்லது ஒரே முறை போன தெருக்களின் பட்டியலையும் எதிரெதிரே வையுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தால், உங்களைத் தெரியாதவர்களிடம்தான் தோற்றிருக்கிறீர்கள். தேதி அறிவிக்கும் வரை காத்திருக்காமல் அந்தத் தெருக்களிலிருந்து தொடங்கலாம். அதிகம் போன தெருக்களிலேயே அதிகம் தோற்றிருந்தால், நன்றாகத் தெரிந்தவர்களே வேண்டாம் என்றிருக்கிறார்கள். அப்போது உங்கள் அணியில் அந்தத் தெருக்களுக்குப் பிடித்த இன்னொருவர் இருக்கிறாரா என்று பார்த்து, மனுவை அவர் பெயரில் போடுவது மேல்.